ஒரு செய்தி, ஓரிடம்

1970 ஜூன் மாதம் அமெரிக்கக் கணினியியல் சங்கத்தின் இதழில் பதினொரு பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. எழுதியவர் ஐபிஎம் நிறுவன ஆய்வாளர் எட்கர் காட். இன்று வங்கிக் கணக்கு முதல் பயணச்சீட்டு முன்பதிவு வரை பெரும்பாலான பதிவேடுகள் அக்கட்டுரை வகுத்த நெறியிலேயே இயங்குகின்றன.

இங்கிலாந்தின் போர்ட்லாந்து தீவில் 1923-இல் பிறந்த காட், ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் பயின்றவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படை விமானி. 1948-இல் நியூயார்க் சென்று ஐபிஎம்மில் சேர்ந்தார். செனட்டர் மெக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் வேட்டையைப் பொறுக்காமல் 1953-இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்து, சில ஆண்டுகள் கழித்தே திரும்பினார்.

அக்காலத் தரவுத்தளங்களில் தகவல்கள் மரக்கிளைகளைப்போலப் பிணைக்கப்பட்டிருந்தன. எந்தக் கிளை வழியே சென்றால் விடை கிடைக்கும் என்பதை நிரல் எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும். அமைப்பு மாறினால் நிரலையும் மாற்ற வேண்டும். காட் இதை இயற்கணிதமாகப் பார்த்தார். தகவல்கள் யாவும் அட்டவணைகள். வேண்டிய கிடைவரிசைகளைத் தெரிவு செய்வது, வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் எடுப்பது, இரு அட்டவணைகளைப் பொதுவான மதிப்பால் இணைப்பது ஆகியவை அவற்றின்மீது செய்யும் செயல்கள். இரு எண்களைக் கூட்டினால் எண்ணே கிடைப்பதுபோல, இச்செயல் ஒவ்வொன்றின் விடையும் மீண்டும் ஓர் அட்டவணையே. ஆகவே எத்தனை சிக்கலான கேள்வியையும் சில எளிய செயல்களின் தொடராக எழுதிவிடலாம். எங்கே, எப்படித் தேடுவது என்பது இயந்திரத்தின் கவலை.

அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அவர் விரித்துரைத்தது ‘சார்பு’. ஊழியரின் எண் தெரிந்தால் அவர் துறை தெரியும். துறை தெரிந்தால் அதன் தலைவர் தெரியும். தலைவர் பெயரை ஒவ்வோர் ஊழியர் எதிரிலும் எழுதிவைத்தால், தலைவர் மாறும்போது நூறு இடங்களில் திருத்த வேண்டும். ஓரிடம் விடுபட்டாலும் ஒரே துறைக்கு இரு தலைவர்கள்! துறையின் கடைசி ஊழியர் விலகிவிட்டாலோ, தலைவர் யார் என்ற செய்தியே அழிந்துபோகும். துறைக்கும் தலைவருக்கும் தனி அட்டவணை வகுத்தால் இத்தொல்லைகள் இல்லை.

ஐபிஎம் இதைக் கொண்டாடவில்லை. அதன் பழைய முறையிலான ஐஎம்எஸ் மென்பொருள் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. லாபம் தரும் சரக்கு கையிலிருக்கையில், அதையே வீழ்த்தக்கூடிய சரக்கைக் கடைவிரிக்க எந்த வணிகரும் விரும்புவதில்லை. பொருளியல் மாணவருக்கு இதில் வியப்பில்லை. காட் அடங்கவில்லை. எதிர்த்தரப்பின் முன்னோடியான சார்லஸ் பாக்மனுடன் 1974-இல் பொதுமேடையில் வாதிட்டார். ஐபிஎம்மில் சோதனைத் திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, பின்னாளில் ஆரக்கிள் எனப் பெயர்பெற்ற சிறு நிறுவனம் 1979-இல் அதே கொள்கையில் அமைந்த மென்பொருளை விற்கத் தொடங்கிவிட்டது. ஐபிஎம் சந்தைக்கு வந்தது 1981-இல். அதே ஆண்டு காட் டூரிங் விருது பெற்றார்.

வெற்றி அவருக்கு நிறைவளிக்கவில்லை. சகாக்கள் உருவாக்கிய எஸ்க்யூஎல் மொழி தம் கணிதத்தைச் சிதைத்துவிட்டதாகக் கருதினார். பெயருக்கு மட்டும் புதுநெறி பேசிய மென்பொருள்களை அளக்க 1985-இல் பன்னிரண்டு விதிகள் வகுத்தார். சுழியத்திலிருந்து எண்ணியதால் உண்மையில் அவை பதின்மூன்று.

2003 ஏப்ரல் 18-இல் ஃபுளோரிடாவில் காட் காலமானார். ஒரே கிடைவரிசை ஓர் அட்டவணையில் இருமுறை இடம்பெறுவதை எஸ்க்யூஎல் இன்றும் அனுமதிக்கிறது.