அவ்வை இல்லம் தந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

முன்னுரை:
கர்ப்பிணித் தாய்மார்களுக்கு அரசாங்கம் பணம் தருகிற மகப்பேறு உதவித் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று பெயர். நம்ம வீட்டு அக்கா, சித்தி யாராவது அந்தப் பணம் வாங்கியிருப்பாங்க. ஆனா அந்தப் பெயருக்கு உரியவர் நம்ம புதுக்கோட்டையில் பிறந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பிறப்பும் படிப்பும்:
1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர், தாயார் சந்திரம்மாள். தாயார் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கம் இருந்த குலத்தில் பிறந்தவர். அதனால் ஊரார் ஏளனமாகப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் பெண் வயதுக்கு வந்துவிட்டால் பள்ளிக்கூடம் போகக் கூடாது. முத்துலட்சுமியையும் நிறுத்திட்டாங்க. ஆனா படிப்பு நிற்கவில்லை. வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார் தந்தை. மெட்ரிகுலேஷன் தேறியதும் மகாராஜா கல்லூரிக்கு மனுப் போட்டார். ஆண்கள் படிக்கிற இடத்தில் பெண்ணா என்று எதிர்ப்பு வந்தது. புதுக்கோட்டை மகாராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் சேர்த்துக் கொண்டார். ஒரு கதவு திறந்தது. பிறகு 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் டாக்டர் ஆனார்.

சட்டசபையில்:
1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். சென்னை மாகாண சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் ஆனார். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று 1927-இல் தீர்மானம் கொண்டு வந்தார். அப்போ ஒரு கேள்வி வரும். அந்தப் பெண்களுக்குக் கோயில் மானிய நிலம்தானே சோறு போட்டது? வழக்கத்தை விட்டால் சாப்பாட்டுக்கு என்ன செய்வாங்க? அதையும் அம்மையார் யோசித்தார். கோயில் வேலையை விட்டாலும் நிலம் அவர்களுக்கே சொந்தம் என்று 1929-இல் சட்டம் வந்தது. பொட்டுக் கட்டுவதை அடியோடு தடுக்கும் சட்டம் 1947-இல்தான் வந்தது.

அவ்வை இல்லம்:
நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். 1930-இல் அந்த வழக்கத்திலிருந்து தப்பித்து வந்த பெண் பிள்ளைகள் படிக்க ஆசைப்பட்டார்கள். பிறந்த குலத்தைக் காரணம் காட்டி, சென்னையில் இருந்த ஹாஸ்டல்களில் சேர்க்க மறுத்துட்டாங்க. அம்மையார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் தன் வீட்டிலேயே வைத்துக் கொண்டார். அப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். பிறகு அது அடையாறுக்குப் போனது. சாதி, மதம் பார்க்காமல் அநாதைப் பிள்ளைகள், கைவிடப்பட்ட பெண்கள் எல்லாரையும் சேர்த்தார்கள்.

சும்மா சாப்பாடு போட்டு உட்கார வைக்கவில்லை. பள்ளிக்கூடம் அனுப்பிப் படிக்க வைத்தார்கள். படித்தவர்கள் டீச்சராகவும் நர்ஸாகவும் ஆனார்கள். கையில் ஒரு வேலை இருந்தால் யாரிடமும் கை நீட்ட வேண்டாம், யாரும் அடிமைப்படுத்த முடியாது என்பது அம்மையாரின் எண்ணம். அவ்வை இல்லம் இன்றும் நடக்கிறது.

நமக்கு என்ன?
எங்க தெருவில் ஒரு அக்கா பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தாங்க. மேல படிக்கணும்னா தினம் இரண்டு பஸ் மாறணும், ஹாஸ்டலில் சேர்க்க யாருக்கும் வழி தெரியல. இப்போ திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாங்க. உழைக்கிறது கேவலம் இல்லை. ஆனா அந்த அக்காவுக்கு நர்ஸ் ஆகணும்னுதான் ஆசை. யாராவது ஒருத்தர் ஃபாரம் வாங்கிக் கொடுத்து, கூட வந்து சேர்த்து விட்டிருந்தால் போதும்.

முடிவுரை:
தோழிகளே, தோழர்களே, அரசு ஹாஸ்டல், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், நர்சிங் என்று நமக்கு நிறைய வழி இருக்கு. தெரியாவிட்டால் ஆசிரியரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களே, ஒரு பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்கு வராவிட்டால் அது வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரியுங்கள். அம்மையார் 1968-இல் மறைந்தார். அவர் திறந்த கதவை நாம சாத்திவிடக் கூடாது.

உங்களுக்குத் தெரியுமா?
★ தங்கை புற்றுநோயால் இறந்த துயரத்தில், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகப் பாடுபட்டார். அது 1954-இல் தொடங்கியது.
★ 1956-இல் பத்மபூஷண் விருது பெற்றார்.


— ஒன்பதாம் வகுப்பு மாணவி