பார்வை போயிற்று, பணி போகவில்லை

ஒருவர் நடுவயதில் கண்ணையோ காலையோ இழக்க நேர்ந்தால், அவரைச் சூழ்ந்திருப்பவர்கள் இரண்டு விதங்களில் நடந்துகொள்ளக்கூடும். அவருக்கு வேண்டிய அனைத்தையும் தாங்களே செய்து, அவரை ஓரிடத்தில் பத்திரமாக அமர்த்திவிடுவது ஒரு விதம். அவரால் இப்போதும் என்ன செய்ய முடியும் என்று கேட்டறிந்து, அந்தப் பணியை அவரிடமே ஒப்படைப்பது மற்றொரு விதம். முதலாவது அன்பு போலத் தோன்றும். ஆனால் அது அந்த மனிதரைச் சிறுகச் சிறுகச் செயலற்றவராக்கிவிடும். இரண்டாவது கடினமானது, ஆனால் அதுவே உண்மையான துணை. இதை விளங்கிக்கொள்ள, வங்கம் தந்த மாபெரும் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜியின் வாழ்க்கை நமக்கு உதவும்.

பினோத் பிஹாரி 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் கல்கத்தாவின் பெஹாலா பகுதியில் பிறந்தார். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொரு கண்ணிலோ கடுமையான கிட்டப்பார்வை. பொருளைக் கண்ணருகே கொண்டுவந்தால்தான் தெரியும். இத்தகைய சிறுவனால் மற்றப் பிள்ளைகளைப் போல் வழக்கமான பள்ளிப்படிப்பைத் தொடர முடியவில்லை. 1917ஆம் ஆண்டில் அவர் சாந்திநிகேதனத்திற்கு வந்தார். மரத்தடியில் பாடம் நடக்கும் அந்தப் பள்ளி, பிற இடங்களில் பொருந்தாத பிள்ளைக்கும் இடம் தந்தது.

இரண்டு ஆண்டுகளில் அங்கே கலாபவனம் என்னும் ஓவியப்பள்ளி உருவாயிற்று. அதன் தொடக்ககால மாணவர்களுள் ஒருவராகப் பினோத் பிஹாரி சேர விரும்பினார். ஓவியமோ கண்ணை நம்பிய கலை. அரைகுறைப் பார்வை உள்ள இளைஞன் இதில் என்ன சாதிக்க முடியும் என்ற ஐயம் ஆசிரியர் நந்தலால் போஸுக்கு எழுந்தது இயல்பே. ரவீந்திரநாத தாகூரின் கருத்து வேறாக இருந்தது. அந்த இளைஞன் ஈடுபாட்டோடு உழைக்கிறானா என்பது ஒன்றே பார்க்கத்தக்கது. அவனது எதிர்காலத்தைப் பற்றி மற்றவர்கள் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அவனது வழியை அவனே கண்டுகொள்ளட்டும் என்று அவர் கருதினார். ஐயுற்ற நந்தலாலே பின்னர் அவருக்கு அன்பு மிக்க குருவாக அமைந்தார். 1925இல் பினோத் பிஹாரி அதே கலாபவனத்தில் ஆசிரியரானார்.

குறையே முறையாயிற்று

தமது பார்வைக்குறையை மறைக்க அவர் முயலவில்லை. அதற்கேற்ற முறையில் பணிபுரியக் கற்றுக்கொண்டார். சீன, ஜப்பானியச் சுருள் ஓவியங்கள் அவரைக் கவர்ந்தன. 1930களின் பிற்பகுதியில் ஜப்பானுக்கும் சென்றுவந்தார். நீண்ட சுருளோவியத்தை ஒரே பார்வையில் முழுதும் காண இயலாது. ஒரு கையால் விரித்து, மறு கையால் சுருட்டி, சிறிது சிறிதாகவே காண வேண்டும். அருகிலுள்ளதை மட்டுமே காணும் கண்ணுக்கு இது எவ்வளவு பொருத்தமானது!

1940இல் கலாபவன விடுதியின் உட்கூரையில், நடுவில் ஒரு குளமும் அதைச் சுற்றி மரங்களும் மனிதர்களும் விலங்குகளுமாக ஒரு வங்காள கிராமத்தையே அவர் தீட்டினார். 1942இல் சீனபவனத்தில் ஒரு சுவரோவியம் எழுந்தது. அவரது மிகப்பெரிய படைப்பு 1946-47இல் ஹிந்திபவனத்தில் உருவாயிற்று. மூன்று சுவர்களின் மேற்பகுதி முழுவதும் இடைக்கால பக்தி மகான்களின் வாழ்க்கை நதிபோல் ஓடுகிறது. ராமானுஜர், கபீர், துளசிதாசர், சூர்தாசர், குரு கோவிந்த் சிங் ஆகியோரை அதில் தரிசிக்கலாம்.

அந்த ஓவியம் வரையப்பட்ட முறை கவனிக்கத்தக்கது. சுண்ணச்சாந்து ஈரமாக இருக்கும்போதே அதன்மீது வண்ணம் தீட்ட வேண்டும். சுண்ணம் காற்றோடு கலந்து இறுகும்போது வண்ணமும் சுவரோடு ஒன்றிவிடும். அன்றன்று தீட்டக்கூடிய அளவுக்கே சாந்து பூசுவார்கள். காய்ந்த பிறகு திருத்த இயலாது. வழக்கமாக ஓவியர்கள் முழு அளவில் மாதிரி வரைந்து, அதைச் சுவரில் படியெடுத்துக்கொள்வார்கள். பினோத் பிஹாரி அவ்வாறு செய்யவில்லை. சிறிய வரைபடங்களை ஆதாரமாகக் கொண்டு நேரடியாகவே சுவரில் தீட்டினார். சுவரை ஒட்டி நின்றால்தான் அவருக்குத் தெரியும். விலகி நின்றால் முழு ஓவியமும் மங்கிவிடும். ஆகவே முழு ஓவியத்தையும் அவர் தம் உள்ளத்தில்தான் வைத்திருக்க வேண்டியிருந்தது. அப்பணியில் அவருக்கு உதவிய மாணவர்களுள் கே.ஜி. சுப்ரமணியனும் ஒருவர். சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து சாந்திநிகேதனத்திற்குச் சென்று, பின்னாளில் புகழ்பெற்ற ஓவியரானவர் அவர்.

சூர்தாசர் கண்ணற்றவராகவே மரபில் போற்றப்படுபவர். அவரது உருவத்தைச் சுவரில் தீட்டிய ஓவியர், ஏறக்குறைய பத்தாண்டுகளில் தாமும் அந்த நிலையை அடைவார் என்று அப்போது யார் எண்ணியிருப்பார்கள்?

இருள் வந்தபோது

1949இல் அவர் சாந்திநிகேதனத்தை விட்டு, காட்மாண்டுவில் நேபாள அரசு அருங்காட்சியகத்தின் காப்பாளராகச் சென்றார். பின்னர் ராஜஸ்தானிலுள்ள வனஸ்தலி வித்யாபீடத்தில் கற்பித்தார். 1952இல் சிற்பியான தம் மனைவி லீலாவுடன் முசௌரியில் ஒரு கலைப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஐம்பது வயதைக் கடந்த நிலையில் கண்புரைக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அது பலனளிக்கவில்லை, எஞ்சியிருந்த பார்வையும் முற்றிலும் போய்விட்டது.

ஓர் ஓவியருக்கு இதைவிடப் பெரிய இழப்பு எது? உலகம் அவரை ஓய்வு கொள்ளச் சொல்லியிருக்கலாம். நினைவுப்பரிசு ஒன்றை அளித்து, அனுதாபத்தோடு விடை கொடுத்திருக்கலாம். ஆனால் நடந்தது வேறு. 1958இல் அவர் மீண்டும் கலாபவனத்திற்கு வந்தார். அவருக்கு அங்கே அளிக்கப்பட்டது கலை வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் பணி. வாழ்நாளெல்லாம் கூர்ந்து கவனித்த ஓவியங்கள் அவரது நினைவில் இருந்தன. கண்ணுள்ள மாணவர்கள், கண்ணற்ற ஆசிரியரிடம் ஓவியத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். பிற்பாடு அவர் கலாபவனத்தின் முதல்வராகவும் பொறுப்பேற்றார்.

அவரது கைகளும் ஓயவில்லை. காகிதத்தைக் கத்தரித்து ஒட்டி உருவங்கள் அமைத்தார், மடித்துச் சிற்பங்கள் செய்தார், கோட்டோவியங்கள் வரைந்தார். 1972இல் கலாபவனச் சுவரொன்றில் சுட்ட ஓடுகளால் ஒரு பெரிய படைப்பை உருவாக்கினார். உருவங்களைத் தீர்மானித்தவர் அவர். சுவரில் பதிக்க மற்றவர்கள் துணைநின்றார்கள். இங்கு ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். உதவியவர்கள் அவருக்குத் தங்கள் கண்களைத் தந்தார்கள். அவரது முடிவுகளை எடுத்துக்கொள்ளவில்லை. உதவிக்கும் ஆக்கிரமிப்புக்கும் இடையிலுள்ள எல்லை இதுதான்.

அவருடைய மாணவர் ஒருவர் இதையெல்லாம் உலகறியச் செய்தார். கல்கத்தாவில் பாலிகஞ்ச் அரசு உயர்நிலைப் பள்ளியில் படித்து, 1940இல் கலாபவனத்தில் சேர்ந்தவர் அவர். திரைப்படக் கலையில் உலகப்புகழ் பெற்ற சத்யஜித் ராய்தான் அந்த மாணவர். தம் ஆசிரியரைப் பற்றி 1972இல் அவர் எடுத்த ஆவணப்படத்தின் பெயர் ‘தி இன்னர் ஐ’, அதாவது அகக்கண். 1974இல் பினோத் பிஹாரிக்கு இந்திய அரசு பத்மவிபூஷண் விருது அளித்தது. 1977இல் விசுவபாரதி தேசிகோத்தம பட்டம் வழங்கியது. பார்வையிழந்த பின் அவர் தாம் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய நினைவுகள் அடங்கிய ‘சித்ரகர்’ என்னும் வங்க நூல் 1979இல் வெளிவந்தது. அந்நூலைப் பின்னர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், ஹிந்திபவனச் சுவரருகே அவருக்கு உதவிய அதே கே.ஜி. சுப்ரமணியன். 1980 நவம்பர் 11ஆம் நாள் பினோத் பிஹாரி மறைந்தார்.

நம் முன் உள்ள கடமை

1958இல் ஊனமுற்றோரின் பணிப்பாதுகாப்புக்கென்று நம் நாட்டில் தனிச்சட்டம் எதுவும் இல்லை. 1995இல்தான் முதல் விரிவான சட்டம் வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து ஐக்கிய நாடுகள் சபை 2006இல் ஏற்ற உடன்படிக்கையை இந்தியா 2007இல் உறுதிசெய்தது. எங்கே, யாருடன் வாழ்வது என்பதை மற்றவர்களைப் போலத் தாமே தேர்ந்தெடுக்கவும், சமூகத்தின் நடுவே வாழவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 19ஆம் பிரிவு. 2016இல் இயற்றப்பட்ட நம் சட்டமும் சமூக வாழ்வுக்கான இந்த உரிமையை ஏற்கிறது. பணியில் இருக்கும்போது ஊனமடைந்தவரை அரசு நிறுவனங்கள் நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்றும் விதிக்கிறது. சட்டம் இன்று கட்டளையிடுவதை, அன்று சாந்திநிகேதனம் மனிதரை மதிக்கும் பண்பினால் தானாகவே செய்தது.

ஆனால் சட்டம் அலுவலகத்தின் வாசல்வரைதான் வரும், வீட்டுக்குள் வராது. பார்வை குன்றிய தந்தையின் வங்கிக் கணக்கை அவரைக் கேளாமலே நாம் பார்த்துக்கொள்கிறோம். கால் இழந்த சகோதரரைத் திருவிழாவுக்கு அழைக்காமல், பிரசாதத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். மனவளர்ச்சி குன்றிய மகளுக்கு முப்பது வயதாகியும், இன்று என்ன உடுத்த விரும்புகிறாய் என்று ஒரு நாளும் கேட்பதில்லை. இவற்றில் எதிலும் தீய எண்ணம் இல்லை. எனினும் ஒவ்வொன்றும் அவர்களது வாழ்விலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொள்கிறது.

ஊனம் வந்த மனிதரிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, உங்களுக்கு நான் என்ன செய்யட்டும் என்பதல்ல. நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்பதே. விடை வந்தபின், அதற்கு வேண்டிய கண்ணையோ கையையோ தோளையோ நாம் தரலாம். பினோத் பிஹாரியைப் போன்ற மேதை எல்லா வீடுகளிலும் இருப்பதில்லை. ஆனால் தமக்கென்று ஒரு பணியும், அதைத் தம் விருப்பப்படி செய்யும் உரிமையும் வேண்டும் என்ற ஏக்கம் எல்லா வீடுகளிலும் இருக்கிறது.