அரிசிக் கடைச் சிப்பந்தி கார் அதிபர் ஆனார்

ஹூண்டாய் நிறுவனத்தைத் தோற்றுவித்த சுங் ஜூ யுங்கின் வாழ்க்கை

பணம் போனால் மீண்டும் சம்பாதிக்கலாம். பெயர் கெட்டால் அதைத் திரும்பச் சம்பாதிப்பது கடினம்.

கொரியா நாட்டில் ஒருவர் வாழ்ந்தார். அவர் பல தடவை பணத்தை இழந்தார். ஆனால் பெயரை இழக்க ஒருபோதும் சம்மதிக்கவில்லை. அப்படிப்பட்டவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயரே, அவருடைய முதுமையில், அமெரிக்காவில் கேலிப்பொருள் ஆகிவிட்டது!

கெட்டுப்போன அந்தப் பெயர் மறுபடியும் நல்ல பெயர் ஆனது எப்படி? அதற்கு விடை அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது.

அவர்தான் ஹூண்டாய் நிறுவனத்தின் அதிபர் சுங் ஜூ யுங்.

மாட்டுப் பணம்

1915-ம் ஆண்டு நவம்பர் 25-ந்தேதி அசான் என்ற சிற்றூரில் சுங் பிறந்தார். அந்த ஊர் இப்போது வடகொரியாவில் இருக்கிறது. அப்போது கொரியா முழுவதும் ஜப்பானியர் ஆட்சியின் கீழ் இருந்தது.

தகப்பனார் ஏழை விவசாயி. பிள்ளைகள் எட்டுப் பேர். சுங்தான் மூத்தவர். ஆரம்பப் பள்ளியோடு அவருடைய படிப்பு முடிந்தது. பொழுது விடியுமுன் எழுந்து தகப்பனாருடன் வயலுக்குப் போனார். எவ்வளவு பாடுபட்டும் எல்லோருக்கும் வயிறாரச் சோறு கிடைக்கவில்லை.

பட்டணத்துக்குப் போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். வீட்டை விட்டு ஓடினார். தகப்பனார் தேடிப்பிடித்து அழைத்து வந்தார். மறுபடியும் ஓடினார். மறுபடியும் பிடிபட்டார்.

மூன்றாவது தடவை, மாடு விற்று வீட்டில் வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். தலைநகரமான சியோலுக்குச் சென்று, கணக்கு எழுதக் கற்றுத்தரும் பள்ளியில் சேர்ந்தார். தகப்பனார் அங்கும் வந்துவிட்டார். மகன் தலைகுனிந்து ஊர் திரும்பினார்.

அந்த மாட்டுப் பணத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

நான்காவது தடவை போனவர் திரும்பவில்லை.

மூட்டைப்பூச்சி கற்பித்த பாடம்

இஞ்சோன் துறைமுகத்தில் அவர் மூட்டை தூக்கினார். தொழிலாளர் விடுதியில் மூட்டைப்பூச்சித் தொல்லை தாங்கமுடியவில்லை. மேஜையின் மேல் படுத்தார். மேஜைக் கால் வழியாகப் பூச்சிகள் ஏறி வந்தன. மேஜையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்தார். ஓரிரு நாள் நிம்மதியாகத் தூங்கினார். பிறகு மறுபடியும் கடி!

விளக்கை ஏற்றிப் பார்த்தார். பூச்சிகள் சுவர் வழியாகக் கூரைக்கு ஏறி, அங்கிருந்து அவர் மேல் விழுந்துகொண்டிருந்தன.

சின்னஞ்சிறு பூச்சியே முயற்சியை விடவில்லையே, மனிதன் விடலாமா என்று எண்ணினார் சுங். இந்தக் கதையை அவர் பின்னாளில் தம்மிடம் வேலை பார்த்தவர்களுக்கு அடிக்கடி சொல்வது உண்டு.

பிறகு சியோலில் ஓர் அரிசிக் கடையில் சிப்பந்தியாகச் சேர்ந்தார். அரிசி மூட்டையைச் சைக்கிளில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். முதல் தடவை மழையில் மூட்டையோடு சேற்றில் விழுந்தார். இரவில் கண்விழித்துப் பழகினார். சில நாட்களில் இரண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டினார். கடையைப் பெருக்கினார். கணக்கையும் ஒழுங்காக எழுதினார்.

முதலாளியின் மகன் ஊதாரி. ஆகவே முதலாளி தம் கடையைச் சிப்பந்தியிடமே ஒப்படைத்துவிட்டார். அப்போது சுங்குக்கு வயது 22.

ஆனால் 1939-ம் ஆண்டில் ஜப்பானிய அரசு அரிசிக்கு ரேஷன் கொண்டுவந்தது. கடையை மூடவேண்டியதாயிற்று.

தீயில் எரிந்த பட்டறை

அடுத்த ஆண்டு, கடன் வாங்கி, மோட்டார் கார் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றை வாங்கினார். சில வாரங்களுக்குள் பட்டறையில் தீப்பிடித்தது. பட்டறை எரிந்தது. பழுதுபார்க்க வந்திருந்த கார்களும் எரிந்தன. கார்களுக்கு நஷ்டஈடு கொடுக்கவேண்டும். கையில் காசு இல்லை.

சுங் ஓடி ஒளியவில்லை. ஏற்கனவே கடன் கொடுத்திருந்தவரிடமே போய், நடந்ததைச் சொல்லி, மறுபடியும் கடன் கேட்டார். பிணையாகக் கொடுக்க ஒன்றும் இல்லை. அவருடைய நேர்மையை நம்பி அந்த மனிதர் பணம் கொடுத்தார்.

மற்றப் பட்டறைகளில் 10 நாள் ஆகும் வேலையைச் சுங் 3 நாளில் முடித்துக் கொடுத்தார். கூலி அதிகமாகக் கேட்டபோதிலும் கூட்டம் அவரிடமே வந்தது. கார் இல்லாமல் காத்திருப்பவனுடைய அவசரம் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜப்பானிய அரசு 1943-ம் ஆண்டில் அந்தப் பட்டறையை வேறு கம்பெனியுடன் சேர்த்துவிட்டது. நாடு விடுதலை அடைந்தபின், 1946-ம் ஆண்டில், புதிய பட்டறை திறந்தார். அதற்கு ஹூண்டாய் என்று பெயர் வைத்தார். நவீனம் என்பது அந்தச் சொல்லின் பொருள். அடுத்த ஆண்டில் கட்டிட வேலைகளுக்கும் ஒரு கம்பெனி தொடங்கினார்.

சொத்தை விற்றுக் கட்டிய பாலம்

1950-ம் ஆண்டில் கொரியப் போர் மூண்டது. 1953-ம் ஆண்டில் போர் ஓய்ந்தபோது நாடு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. அசான் கிராமம் எல்லைக்கு அப்பால் இருந்தது.

அந்த ஆண்டில், நக்தோங் ஆற்றின் மேல் கோரியோங் என்ற இடத்தில் பாலம் கட்டும் வேலையைச் சுங் எடுத்தார். போருக்குப் பிறகு விலைவாசி மளமளவென்று ஏறியது. ஒப்பந்தத் தொகையோ ஏறவில்லை. கூலி கொடுக்கப் பணம் இல்லை. கடன்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

வேலையைப் பாதியில் விட்டுவிடும்படி பலர் யோசனை சொன்னார்கள். சுங் கேட்கவில்லை. தம்பிமார்களின் வீடுகளை விற்றார். பட்டறை இருந்த மனையையும் விற்றார். 1955-ம் ஆண்டில் பாலத்தைக் கட்டி முடித்தார். அந்தக் கடனைத் தீர்க்கப் பல ஆண்டுகள் ஆயின.

காசுக்கும் நாணயம் என்று பெயர். நேர்மைக்கும் நாணயம் என்றுதான் பெயர். கோரியோங்கில் சுங் முதல் நாணயத்தை இழந்தார். இரண்டாவது நாணயத்தைக் காப்பாற்றிக்கொண்டார். இரண்டாவது இருந்ததால் முதலாவதும் திரும்பி வந்தது. 1957-ம் ஆண்டில், சியோலில் ஹான் ஆற்றுப் பாலத்தைச் செப்பனிடும் பெரிய வேலை அவருக்குக் கிடைத்தது.

பிறகு வளர்ச்சிதான். சியோலையும் புசானையும் இணைக்கும் 428 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஒரு பகுதியை ஹூண்டாய் அமைத்தது. 1970-ம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. உல்சான் நகரில் மாபெரும் கப்பல் கட்டும் தளம் எழுந்தது. சவூதி அரேபியாவில் துறைமுகம் கட்டும் வேலையும் கிடைத்தது.

மட்டக்குதிரை

கார் தொழிலில் சுங் 1967-ம் ஆண்டில் இறங்கினார். தம்பி சுங் சே யுங்கை அதற்குத் தலைவர் ஆக்கினார். முதலில் போர்டு கம்பெனியின் கார்ட்டினா காரைப் பாகம் பாகமாக வரவழைத்து, உல்சானில் பூட்டி விற்றார்கள். நல்ல சாலைகளுக்காகச் செய்யப்பட்ட கார் அது. கொரியாவிலோ அப்போது பெரும்பாலும் மண் சாலைகள். கார் அடிக்கடி பழுதாகியது. வாங்கியவர்கள் குறை சொன்னார்கள்.

கூட்டுத் தொழில் நடத்த போர்டு கம்பெனியுடன் நடந்த பேச்சும் முறிந்தது. சொந்தமாகவே கார் செய்வதென்று சுங் முடிவு செய்தார். காரின் உருவத்தை இத்தாலியக் கலைஞர் ஜியுஜாரோ வரைந்தார். தொழிற்சாலையை நடத்த இங்கிலாந்திலிருந்து டர்ன்புல் என்ற நிபுணர் வந்தார். என்ஜின் ஜப்பானின் மிட்சுபிஷி கம்பெனியுடையது. காருக்குப் போனி என்று பெயர் வைத்தார்கள். போனி என்றால் மட்டக்குதிரை. 1976-ம் ஆண்டில் அது விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் ஐந்து கார்கள் தென் அமெரிக்காவில் உள்ள ஈக்வடார் நாட்டுக்குக் கப்பலேறின.

சிரித்தது அமெரிக்கா

1986-ம் ஆண்டில் எக்ஸெல் என்ற சிறிய காருடன் ஹூண்டாய் அமெரிக்காவில் நுழைந்தது. விலை 4,995 டாலர். அவ்வளவு மலிவான புதுக் கார் அங்கே அபூர்வம். முதல் ஆண்டிலேயே 1 லட்சத்து 68 ஆயிரம் கார்கள் விற்றன. எந்த வெளிநாட்டுக் காரும் முதல் ஆண்டில் அதுவரை அவ்வளவு விற்றதில்லை!

ஆனால் அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. எக்ஸெல் கார் அடிக்கடி பழுதாகியது. சீக்கிரம் துருப்பிடித்தது. திருப்பி விற்கப் போனால் விலை கிடைக்கவில்லை.

மிச்சம் பிடித்து முதல் கார் வாங்கிய குடும்பங்களே அதை அதிகம் வாங்கியிருந்தன. வேறு கார் வாங்க அவர்களிடம் பணம் இல்லை. வேலைக்குப் போகும் வழியில் கார் நின்றால் அன்றைய பிழைப்பும் நின்றது. மலிவு என்று வாங்கியது அவர்களுக்குச் செலவாக முடிந்தது.

ஹூண்டாய் என்று பெயர் சொன்னாலே டெலிவிஷனில் சிரித்தார்கள். 1998-ம் ஆண்டில் அமெரிக்காவில் விற்ற ஹூண்டாய் கார்கள் சுமார் 90 ஆயிரம்தான். கார் விலையைக் குறைத்தவர்கள், காரின் தரத்தைக் காக்கத் தவறிவிட்டார்கள். பழுதுபார்க்கும் பட்டறையில் தொழில் கற்றவருடைய கம்பெனிக்கு இது பெரிய அவமானம்.

முதுமையில் சோதனை

சுங்குக்கு வேறு சோதனைகளும் இருந்தன. ஹூண்டாய் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தங்கள் செய்தார்கள். தொழிற்சங்கங்களிடம் அவர் கடுமையாக நடந்துகொண்டார் என்ற குறை உண்டு. 1992-ம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் நின்று மூன்றாவதாக வந்தார். 1997-ம் ஆண்டில் கொரியாவைப் பெரும் பண நெருக்கடி பிடித்தது.

1998-ம் ஆண்டு ஜூன் மாதம், 82 வயதில், சுங் ஒரு காரியம் செய்தார். 500 மாடுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, பலத்த காவல் உள்ள எல்லையைத் தாண்டி வடகொரியாவுக்குப் போனார். அக்டோபரில் இன்னும் 501 மாடுகளுடன் போனார். பஞ்சத்தால் வாடிய சொந்த மண்ணுக்கு அவர் கொடுத்த பரிசு அது. தகப்பனாரின் ஒரு மாட்டுக்கு வட்டியும் முதலுமாக 1,001 மாடுகள்!

பத்து ஆண்டு உத்தரவாதம்

அந்த 1998-ம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவில் ஹூண்டாய் ஒரு துணிச்சலான முடிவு செய்தது. காரின் என்ஜினுக்கும் கியருக்கும் 10 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் வரை உத்தரவாதம் அறிவித்தது. அதற்குள் பழுது ஏற்பட்டால் கம்பெனியே இலவசமாகச் சரிசெய்து தரும்.

பலர் இதைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தார்கள். பழுதாகும் காருக்கு இவ்வளவு நீண்ட உத்தரவாதம் கொடுத்தால் கம்பெனி திவாலாகிவிடாதா?

அதில்தான் சூட்சுமம் இருந்தது. முன்பு கார் பழுதானால் நஷ்டம் வாங்கியவருக்கு. இப்போது நஷ்டம் கம்பெனிக்கு. ஆகவே பழுதே வராதபடி கார் செய்தால்தான் கம்பெனி பிழைக்கும்.

1999-ம் ஆண்டில் சுங்கின் மகன் சுங் மோங் கூ கார் கம்பெனியின் தலைவர் ஆனார். விற்ற கார்களைப் பழுதுபார்க்கும் பிரிவைப் பல ஆண்டுகள் நடத்தியவர் அவர். எந்தக் கார் எங்கே கெடும், வாங்கியவர் எப்படிக் கோபப்படுவார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தொழிற்சாலைக்கு நேரில் சென்று, காரின் மூடியைத் திறந்து பார்த்துக் குறை கண்டுபிடித்தார். எண்ணிக்கையைவிடத் தரமே முக்கியம் என்று உத்தரவிட்டார்.

தகப்பனார் பாலத்தில் செய்ததையே பிள்ளை காரில் செய்தார். நஷ்டம் வந்தாலும் சொன்ன சொல்லைக் காப்பது என்பதே அது.

அதே 1998-ம் ஆண்டில் நம் நாட்டிலும் ஹூண்டாய் கார் விற்பனைக்கு வந்தது. சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர் அருகே, இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் செய்த சான்ட்ரோ கார் அது. இங்கே குடும்பங்கள் அதை விரும்பி வாங்கின.

மறைவு

2001-ம் ஆண்டு மார்ச் 21-ந்தேதி சுங் சியோலில் காலமானார். அவருக்கு வயது 85. அவர் தொடங்கிய மருத்துவமனைக்கு அசான் என்று தம் கிராமத்தின் பெயரையே வைத்திருந்தார். அங்கேதான் அவர் உயிர் பிரிந்தது. வடகொரியாவும் அஞ்சலி செலுத்தத் தூதுக்குழுவை அனுப்பியது.

அவர் இறந்த ஆண்டில் அமெரிக்காவில் 3 லட்சத்து 46 ஆயிரம் ஹூண்டாய் கார்கள் விற்றன. புதுக் கார் வாங்கியவர்களிடம் ஜே.டி. பவர் என்ற நிறுவனம் ஆண்டுதோறும் குறைகளைக் கேட்டுக் கணக்கெடுக்கும். 1998-ம் ஆண்டில் 100 ஹூண்டாய் கார்களில் 272 குறைகள் இருந்தன. 2004-ம் ஆண்டில் அது 102 ஆகக் குறைந்தது. பேர்பெற்ற ஹோண்டாவுக்குச் சமமாக ஹூண்டாய் வந்துவிட்டது! சிரித்தவர்கள் வாயடைத்துப்போனார்கள்.

பிறகும் தவறுகள் நடந்தன. 2012-ம் ஆண்டில், பெட்ரோலுக்குக் கிடைக்கும் மைல் கணக்கைக் கூட்டிச் சொன்னது அம்பலமாகி, வாங்கியவர்களுக்குப் பணம் கொடுக்க நேர்ந்தது. 2015-ம் ஆண்டு முதல் என்ஜின் கோளாறுக்காக ஏராளமான கார்களைத் திரும்ப அழைக்கவேண்டி வந்தது. இருந்தாலும் 2022-ம் ஆண்டில் ஹூண்டாய் குழுமம் கார் விற்பனையில் உலகின் மூன்றாவது இடத்துக்கு உயர்ந்தது.

நல்ல பெயர் என்பது ஒரு தடவை சம்பாதித்துப் பெட்டியில் பூட்டி வைக்கும் பொருள் அல்ல. பயிரைப்போல அதை அன்றாடம் காக்கவேண்டும். விவசாயி மகனான சுங் ஜூ யுங் தம் தொழிலுக்கு விட்டுச்சென்ற பாடம் இதுதான்.