பாய்மரப் படகின் வேகம் எங்கே இருக்கிறது? ராமநாதபுரம் படகுகளைப் பதிவு செய்த ஜேம்ஸ் ஹார்னெல்

ஏர்வாடி கடற்கரையில் இன்று நிற்பவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். இன்ஜினைத் தட்டிவிட்டால் போதும், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கவலையில்லை. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்பு இதே கடலில் பாய்தான் இன்ஜின். காற்றைப் படித்தவர் சீக்கிரம் கரை சேர்ந்தார், அவருடைய மீனுக்கு விலையும் கிடைத்தது. அந்தக் காலத்துப் படகுகள் எப்படி இருந்தன, எப்படி ஓடின என்பது இன்று நமக்குத் தெரிகிறதென்றால், அதற்கு முக்கியக் காரணம் ஒரு கடல் உயிரியலாளர். பெயர் ஜேம்ஸ் ஹார்னெல்.

முத்து தேடி வந்தவர்

ஹார்னெல் பிறந்தது 1865-ல், பிரிட்டனில். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையில் இருக்கும் ஜெர்சி தீவில் ஒரு கடல் உயிரியல் நிலையத்தை நடத்திக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது முத்துச் சிப்பி.

இலங்கைப் பக்கம் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு பல ஆண்டுகளாகப் பொய்த்துப் போயிருந்தது. காரணம் கண்டுபிடிக்க லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மேனை அரசு அழைத்தது. அவருக்கு உதவியாளராக வந்தவர்தான் ஹார்னெல். பேராசிரியர் ஊர் திரும்பிவிட்டார், உதவியாளர் இங்கேயே தங்கிவிட்டார்.

அடுத்து வளைகுடாவின் இந்தியப் பக்கத்து முத்துப் படுகைகளைப் பற்றி சென்னை மாகாண அரசுக்கு அறிக்கை எழுதினார். பிறகு மாகாண மீன்வளத் துறையில் சேர்ந்து, அதன் இயக்குநராகவும் உயர்ந்தார். சங்கு குளிப்பைப் பற்றி 1914-ல் அவர் எழுதிய நூல் இன்றும் ஆய்வாளர்கள் புரட்டும் ஒன்று.

முத்துக்கும் சங்குக்கும் கடலுக்குள் போக வேண்டும். போகப் படகு வேண்டும். அப்படித்தான் அவர் கண் சிப்பியிலிருந்து படகுக்குத் தாவியது. ஊருக்கு ஊர் படகு ஏன் மாறுகிறது என்று பார்க்க ஆரம்பித்தார். பலகைகளை எப்படி இணைக்கிறார்கள், பாயை எப்படிக் கட்டுகிறார்கள், மிதவை எங்கே இருக்கிறது என்று குறிப்பெடுத்தார். 1920-ல் வங்காள ஆசியக் கழகம் வெளியிட்ட அவருடைய ஆய்வு, இந்தியப் படகு வடிவங்களைப் பற்றிய அடிப்படை நூலாகவே ஆகிவிட்டது.

ஒரு ஆள், மூன்று ஆள் ஆன கதை

அவர் பதிவு செய்தவற்றில் முக்கியமான ஒன்று, பாக் நீரிணைப் பக்கத்துப் படகுகளில் இருந்த ஒரு நீளப் பலகை. படகின் குறுக்கே கட்டியிருப்பார்கள். ஒரு முனை, காற்று வரும் பக்கமாகக் கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். காற்று வலுத்தால் படகோட்டிகள் அதில் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

பார்க்க சாகசம் மாதிரி இருக்கும். உண்மையில் இது சுத்தமான கணக்கு.

பக்கவாட்டில் அடிக்கும் காற்று இரண்டு வேலை செய்கிறது. படகை முன்னே தள்ளுகிறது, கூடவே சாய்க்கவும் பார்க்கிறது. பாயைப் பெரிதாக்கினால் தள்ளும் விசை கூடும். சாய்க்கும் விசையும் கூடும். அப்படியென்றால், எவ்வளவு பெரிய பாய் விரிக்கலாம் என்பதை முடிவு செய்வது காற்று மட்டுமில்லை, படகின் சமநிலையும்தான்.

2 மீட்டர் அகலப் படகு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதன் விளிம்பில் உட்கார்ந்தால், நடுக்கோட்டிலிருந்து 1 மீட்டர் தள்ளியிருக்கிறார். அதே ஆள் பலகையில் நகர்ந்து 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால்? சாய்வை எதிர்க்கும் திறன் மூன்று மடங்கு. விளிம்பில் மூன்று பேர் உட்கார்ந்ததற்குச் சமம். ஆனால் படகு சுமப்பது ஒரே ஆளைத்தான்.

இதே வேலைக்கு மணல் மூட்டை ஏற்றலாமே என்று தோன்றும். ஏற்றலாம். ஆனால் எடை கூடினால் படகு தண்ணீரில் ஆழமாக இறங்கும், வேகம் குறையும். ஐரோப்பியப் படகுகள் அடியில் ஆழமான கீல் வைத்து, அதில் ஈயமோ இரும்போ சேர்த்துச் சமாளித்தன. ஏர்வாடி, கீழக்கரை பக்கம் அது சரிப்படாது. கரையை ஒட்டிப் பவளப் பாறைகள், ஆழம் குறைந்த கடல், மணலில் இழுத்து ஏற்ற வேண்டிய படகு. இங்கே எடையைவிட தூரம்தான் லாபம்.

இலங்கையில் ஒரு பக்கம் மிதவை கட்டிய ஓருவா படகுகளிலும் இதே யோசனைதான். மிதவைக் கம்பின் மேல் எத்தனை பேர் ஏற வேண்டியிருக்கிறதோ அதை வைத்து, ஒரு ஆள் காற்று, இரண்டு ஆள் காற்று என்றே காற்றின் பலத்தைச் சொன்னார்கள்.

நீளம் போடும் எல்லை

பாய் பெரிதாக இருந்தாலும் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1870-களில் டார்க்கி என்ற ஊரில் நீள்தொட்டி கட்டி, மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்தார். ஓடும் படகு தானே அலையை உண்டாக்குகிறது. வேகம் கூடக் கூட அலையும் நீள்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் படகு தன் அலையின் மேட்டிலேயே ஏற முயன்று திணறுகிறது.

அவருடைய வழியில் வந்த தோராயக் கணக்கு இது: நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வேகம் நாட்டில் கிடைக்கும். 25 அடிப் படகுக்கு 6.7 நாட், அதாவது மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். 36 அடிக்குச் சுமார் 8 நாட். கனமான படகுக்கு இந்த எல்லையைத் தாண்டுவது கஷ்டம். ஒல்லியான, எடை குறைந்த படகு மட்டும் ஓரளவு தப்பிக்கும்.

இன்று உல்லாசப் பயணத்துக்குப் பாய்மரப் படகு வைத்திருப்பவர்களுக்கும் பாடம் இதுதான். படகை அளவுக்கு மீறிச் சாய விட்டால் பாயிலிருந்து காற்று நழுவும், நேராகப் போக சுக்கானை மல்லுக்கட்டிப் பிடிக்க வேண்டும், அந்த சுக்கானே பிரேக் ஆகிவிடும். அதனால் காற்று மிஞ்சினால் பாயைச் சுருக்குவது பல சமயம் வேகத்தைக் கூட்டும். தேவையில்லாத சாமான்களை இறக்குவது, அடிப்பாகத்தில் ஒட்டும் கொட்டலசைச் சுரண்டி எடுப்பது இரண்டும் செலவில்லாத வேகம்.

சரியாகப் பார்த்தார், எல்லாம் சரியாகச் சொன்னாரா?

1924-ல் ஹார்னெல் பசிபிக் ஆய்வுப் பயணம் ஒன்றில் சேர்ந்தார். அங்கே பார்த்த படகுகள், ஹேடனுடன் சேர்ந்து 1930-களில் வெளியிட்ட பெரிய தொகுதிகளாயின. 1946-ல் உலக நீர்ப் போக்குவரத்தின் தொடக்கத்தைப் பற்றிய நூல் வந்தது. 1949-ல் இறந்தார்.

தென்னிந்தியப் படகுகளில் பாலினீசியத் தாக்கம் உண்டு என்பது அவர் கருத்து. அது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. ஒரு யோசனை எங்கிருந்து வந்தது என்று தேடும்போது, அதைத் தினமும் கடலில் சோதித்து மெருகேற்றியவர்களின் பங்கு பின்னுக்குப் போய்விடும். அவருடைய ஊகத்தை ஒதுக்கிவிட்டாலும் அவர் எடுத்த குறிப்புகள் அப்படியே பயன்படுகின்றன. காரணம், பார்த்ததை அவர் கவனமாகப் பார்த்தார்.

அந்தக் குறிப்புகள் வந்த நேரமும் முக்கியம். அவர் இறந்த சில ஆண்டுகளிலேயே, 1953-ல் இந்தோ-நார்வே திட்டம் கேரளத்தில் தொடங்கியது. இன்ஜின் படகுகள் பரவின, பாய்கள் ஒவ்வொன்றாக இறங்கின. இன்னும் ஒரு தலைமுறை தள்ளிப் போயிருந்தால் பார்ப்பதற்கே படகு குறைவாக இருந்திருக்கும்.

யோசனை மட்டும் சாகவில்லை. தொண்டிப் பக்கம் பாரம்பரியப் பாய்மரப் படகுப் போட்டி இன்றும் நடக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் கணபதியும் வருண் தக்கரும் ஓட்டிய 49-இஆர் வகைப் படகில், வீரர்கள் கம்பியில் தொங்கிக்கொண்டு உடலை முழுவதும் கடலுக்கு மேலே நீட்டுகிறார்கள். பலகைக்குப் பதில் கம்பி. மற்றபடி கணக்கு அதேதான்.