புண்ணை வென்ற லிஸ்டர்

அறுவை செவ்வனே முடியும். ஆனால் சில நாட்களில் நோயாளி இறந்துபோவார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பிய மருத்துவமனைகளில் அடிக்கடி நேர்ந்த அவலம் இது. கத்திக்குத் தப்பியவர்களைச் சீழ் கொன்றது. அச்சீழோடு வாழ்நாளெல்லாம் போராடிய பெருமகனார் ஜோசப் லிஸ்டர்.

இவர் 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் இங்கிலாந்தில் அப்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் மது வணிகர். எனினும் நுண்ணோக்கியைச் செம்மைப்படுத்திய அறிஞர். ஆகவே கண்ணுக்குப் புலப்படாத உலகம் மகனுக்கு இளமையிலேயே அறிமுகமாயிற்று. லண்டனில் மருத்துவம் பயின்ற லிஸ்டர், எடின்பரோவில் சைம் என்னும் அறுவை வல்லுநரிடம் பணியாற்றி, 1856இல் அவர் மகள் ஆக்னசை மணந்தார். 1860இல் கிளாஸ்கோவில் பேராசிரியரானார்.

அழுகலுக்கு நுண்ணுயிர்களே காரணம் என்ற பாஸ்டரின் ஆய்வு இவரது சிந்தனையைத் தூண்டியது. புண் சீழ் பிடிப்பதற்கும் அவையே காரணம் எனத் துணிந்தார். கார்லைல் நகரில் சாக்கடை நாற்றத்தைப் போக்கிய கார்பாலிக் அமிலத்தைக் கையிலெடுத்தார். 1865 ஆகஸ்டில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் புண்ணில் அதனை இட்டுக் கட்டினார். ஆறு வாரங்களில் கால் குணமாயிற்று.

கடுஞ்சோதனை அவர் குடும்பத்திலேயே வந்தது. 1867இல் சகோதரி இசபெல்லாவுக்கு மார்பகப் புற்றுநோய். சைமிடம் கலந்து பேசிய பின், தம் இல்லத்திலேயே தாமே அறுவை செய்தார். புண் சீழின்றி ஆறியது. புற்று பின்னர் மீண்டும் தலைகாட்டியது. எனினும் அம்மையார் ஏறத்தாழ மூன்றாண்டுகள் உயிர் வாழ்ந்தார்.

1877இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில், உடைந்த முழங்காற்சில்லை வெள்ளிக் கம்பியால் பிணைத்தார். மூட்டைத் திறக்கவே மருத்துவர்கள் அஞ்சிய காலம் அது. அயற்பொருளை உடலுக்குள் வைத்து மூடியும் புண் ஆறியது.

இன்று புற்றுநோயாளரின் மார்புத் தோலுக்கடியில் மருந்தேற்றும் 'போர்ட்' பொருத்துகிறார்கள். தோலில் தீங்கின்றி வாழும் ஸ்டெபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதில் ஒட்டிக்கொண்டு, பசைப்படலம் பின்னிக் குடியேறிவிடுவதுண்டு. அந்தக் கோட்டைக்குள் மருந்து எளிதில் வேலை செய்வதில்லை. எதிர்த்து நிற்க வேண்டிய வெள்ளணுக்களோ புற்றுநோய் மருந்தால் குறைந்திருக்கும். பல நேரங்களில் கருவியையே அகற்ற நேர்கிறது. அதனால் சிகிச்சையும் தடைப்படுகிறது.

1912ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் லிஸ்டர் மறைந்தார். கார்பாலிக் அமிலத்தின் காலமும் முடிந்தது. ஆனால் அவர் கண்ட உண்மை நிற்கிறது. புண்ணுக்குள் கிருமி புகுந்தபின் விரட்டுவதினும், புகாமல் காப்பதே எளிது. கருவியைத் தொடுமுன் கை கழுவும் செவிலியர் ஒவ்வொருவரும் அம்மேதையின் பணியையே தொடர்கின்றனர்.