கேம் மாஸ்டர் ஆகப்போகிறீர்களா? சங்கரதாஸ் சுவாமிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரின் தொடக்கக் காட்சி நினைவிருக்கிறதா? நாலு பசங்க, ஒரு மேசை, கொஞ்சம் பகடை. ஒருவன் கதையை நடத்துகிறான். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாகப் புகுந்து விளையாடுகிறார்கள். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் அந்த விளையாட்டு. இந்த வகை விளையாட்டுகளில் கதையை நடத்துபவருக்குப் பொதுப்பெயர் கேம் மாஸ்டர். முதல் தடவை அந்த இடத்தில் உட்காருபவருக்கு வரும் பயமும் பொதுவானதுதான். நாம யோசிக்கவே யோசிக்காத ஒன்றை பிளேயர்கள் செய்துவிட்டால் என்ன பண்றது?

தேனி, சின்னமனூர், கம்பம் பக்கம் கோயில் திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்தவர்களுக்கு இதற்கான பதில் பாதி தெரிந்திருக்கும். ஸ்பெஷல் நாடகம் என்று அதற்குப் பெயர். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது, டைரக்டரும் கிடையாது. சில நேரம் மேடையில்தான் ஒருவரை ஒருவர் முதன்முதலாகப் பார்ப்பார்கள். ஆனாலும் கதை விடியும்வரை அறுபடாமல் ஓடும். அந்தக் கதைகள் பலவற்றுக்கு மேடை வடிவம் கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 2019 நடிகர் சங்கத் தேர்தலில் ஓர் அணியின் பெயராக மட்டுமே இவரைக் கேள்விப்பட்டவர்கள் நிறைய பேர். அந்த ஆள் யார் என்று பார்ப்போம்.

உப்பளக் கணக்கர்

1867 செப்டம்பர் 7 அன்று, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். இயற்பெயர் சங்கரன். அப்பா தாமோதரன் தமிழ் படித்தவர். முதல் பாடம் அவரிடம்தான். பிறகு பழநி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கணமும் செய்யுளும் கற்றார். வயிற்றுப்பாட்டுக்கு உப்பளத்தில் கணக்கு எழுதினார். 24 வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். நாடகக்காரனுக்குப் பெண்ணும் கிடைக்காது, மரியாதையும் கிடைக்காது என்றிருந்த காலம் அது. இன்று ஐ.டி. வேலையை விட்டுவிட்டு கேம் டிசைனர் ஆகிறேன் என்று வீட்டில் சொல்வதைவிடப் பெரிய ரிஸ்க்.

சனீஸ்வரன் வேஷம்

ஆஜானுபாகுவான ஆள், கணீர்க் குரல். அதனால் வந்த பாத்திரங்கள் எல்லாம் இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன். கேம் மேசையில் டிராகனாகவும் அரக்கனாகவும் பேசும் வேலை கேம் மாஸ்டருடையது அல்லவா? அதேதான்.

இந்த வேஷங்களோடு ஒட்டிக்கொண்ட ஒரு சம்பவத்தை நாடக உலகில் இன்றும் சொல்வார்கள். நளதமயந்தி நாடகத்தில் சனீஸ்வரனாக நடித்துவிட்டு, விடியற்காலையில் வேஷத்தைக் கலைக்க நீர்நிலைக்குப் போயிருக்கிறார். அரை இருட்டில் அந்த உருவத்தைப் பார்த்த ஒரு கர்ப்பிணிப் பெண் அதிர்ச்சியில் அங்கேயே உயிரிழந்தார் என்கிறது கதை. எமன் வேஷத்தைப் பார்த்து இன்னொரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது என்றும் சொல்வதுண்டு. இப்படி வாய்வழி வரும் கதையில் விவரங்கள் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். விளைவில் மட்டும் மாற்றமில்லை: வேஷம் கட்டுவதை நிறுத்திவிட்டு, எழுதுவதிலும் கற்றுத்தருவதிலும் இறங்கினார். சனீஸ்வரனுக்கென்றே தனிக்கோயில் உள்ள குச்சனூரைத் தன்னிடம் வைத்திருக்கும் தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு, அந்த உருவத்தின் மேல் மக்களுக்கு இருக்கும் பயத்தை விளக்க வேண்டியதில்லை.

புதிய கேம் மாஸ்டர்கள் ரொம்ப ஆசைப்படுவது பயமுறுத்தத்தான். நல்லா பண்ணினால் அது வேலை செய்யும், அதுதான் சிக்கலே. எதிரே இருப்பவர் மனசில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அதனால்தான் இப்போது பல குழுக்கள் முதல் ஆட்டத்துக்கு முன்பே செஷன் ஜீரோ என்று உட்கார்ந்து பேசிக்கொள்கின்றன. குழந்தை சாவு வேண்டாம், சிலந்தி வேண்டாம், எதுவானாலும் அங்கேயே சொல்லிவிடலாம். சொன்னதை வைத்து யாரையும் கிண்டல் செய்யக் கூடாது. சும்மா ஃபார்மாலிட்டி என்று இதைத் தாண்டிப்போவது தப்பு.

முடிச்சு தெரிந்தால் போதும்

அதன்பின் அவர் ஆசிரியர். மதுரையை மையமாக வைத்து இயங்கிய நாடக சபைகளில் எழுதினார், சொல்லிக்கொடுத்தார். கம்பம் பள்ளத்தாக்கு 1996 வரை மதுரை மாவட்டம்தான். அந்த மண்ணின் நாடகம் இங்கேயும் வேர் பிடித்தது இயல்பு. பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, வள்ளி திருமணம் எனச் சுமார் 68 நாடகங்கள் எழுதியதாகக் கணக்கு. அச்சில் கிடைப்பவை அதைவிடக் குறைவு.

அன்றைய மேடையில் நடிகர்கள் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதை ஒழுங்குபடுத்தத்தான் பாட்டும் வசனமுமாக எல்லாவற்றையும் எழுதிவைத்தார் சுவாமிகள். வேடிக்கை என்னவென்றால், அவர் எழுதிவைத்ததையே எலும்புக்கூடாக வைத்து, ஒத்திகையே இல்லாத ஸ்பெஷல் நாடகம் வளர்ந்தது. பாட்டு அவருடையது, இடையில் வரும் பேச்சு அன்றைய நடிகருடையது.

வள்ளி திருமணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டுவாள். நாரதர் வருவார், தர்க்கம் நடக்கும். முருகன் வேடனாக வருவார், கிழவனாக வருவார், யானை வரும், கடைசியில் கல்யாணம். இந்த முடிச்சுகள் மாறாது. ஆனால் நாரதரும் வள்ளியும் எவ்வளவு நேரம், எதைப் பற்றித் தர்க்கம் செய்வார்கள் என்பது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. உள்ளூர் விஷயம்கூட உள்ளே வரும். முதல் தடவை ஆட்டம் நடத்துபவர் 40 பக்கம் எழுதிக்கொண்டு போவதைவிட, இப்படி ஐந்தாறு முடிச்சை மட்டும் எழுதிக்கொண்டு போவது நல்லது. பிளேயர்கள் கோட்டைக்குப் போகாமல் சத்திரத்திலேயே உட்கார்ந்துவிட்டால், கோட்டையில் நடக்கவேண்டிய சந்திப்பு சத்திரத்துக்கு வரட்டும்.

இன்னொன்று, ஆர்மோனியக்காரரைக் கவனியுங்கள். நடிகர் எந்தச் சுருதியில் எடுக்கிறாரோ அந்தச் சுருதிக்கு அவர் போய்விடுவார். பாதி கேம் மாஸ்டர் வேலை அதுதான். பேசுவதைவிடக் கேட்பது அதிகம். முதல் அரை மணி நேரத்தை லேசாக வைப்பதும் ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் முன்னாடியே வந்து செய்யும் வேலைதான்.

ஒரே இரவில் ஒரு நாடகம்

பெரிய நடிகர்களின் ஒழுங்கீனம் அவரை வெறுத்துப்போகச் செய்தது. 1918-ல் மதுரையில் சிறுவர்களை மட்டும் வைத்து தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று புகழ்பெற்றவர்கள் அங்கே சேர்ந்தார்கள். அவர்களில் சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அந்தப் பையனை மனதில் வைத்து, நாலு மணி நேரம் ஓடும் அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தார். அபிமன்யு வேஷம் சண்முகத்துக்கு.

வேகத்தைச் சொல்லித்தான் எல்லோரும் வியப்பார்கள். அந்த வேகத்தை விட முக்கியமானது, எழுதும்போதே யார் நடிக்கப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் மேசையில் ஒருவருக்குச் சண்டை பிடிக்கும், ஒருவருக்குப் புதிர் பிடிக்கும், இன்னொருவர் நண்பருக்காக வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார். கதையைத் தேடுவதற்கு முன் இவர்களைப் பாருங்கள். பேசாமல் இருப்பவருக்கு, அவரால் மட்டுமே திறக்கக்கூடிய கதவு ஒன்றாவது இருக்க வேண்டும்.

குரல் போன பிறகு

கடைசிக் காலத்தில் வாதநோய் வந்து கைகால் முடங்கியது, பேச்சும் போனது. எமனாகவும் இராவணனாகவும் கர்ஜித்த தொண்டை அது. பையன்களுக்கு இனி அவர் ஒரு வரிகூடச் சொல்லிக்கொடுக்க முடியாது. ஆனாலும் சபையை விட்டுப் போகவில்லை. பையன்கள் அவர் எழுதிய நாடகங்களை ஆடிக்கொண்டிருந்தார்கள். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் இறந்தார். வயது 55. அவர் சமாதி அங்கேதான் இருக்கிறது.