நிதியறிஞர் சண்முகனார்

கொங்கு நாட்டுக் கோயம்புத்தூரில் 1892ஆம் ஆண்டு தோன்றியவர் ஆர். கே. சண்முகம் செட்டியார். சட்டம் பயின்ற அவர் இளமையிலேயே அரசியலில் ஈடுபட்டார். 1932ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஒட்டாவா நகரில் கூடிய பேரரசுப் பொருளாதார மாநாட்டில் இந்தியாவின் பேராளருள் ஒருவராக அமர்ந்தார். பிரிட்டிஷ் பண்டங்களுக்கு வரிச்சலுகை அளித்த அம்மாநாட்டின் உடன்பாட்டை நாட்டு மக்கள் பலர் வெறுத்தனர். அதனை ஆதரித்த சண்முகனார் 1934ஆம் ஆண்டுத் தேர்தலில் தோல்வியுற்றார். எனினும் அவர் மனம் தளர்ந்திலர். 1935 முதல் 1941 வரை கொச்சி அரசின் திவானாகத் திறம்படப் பணிபுரிந்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் இந்தியாவில் பெருமளவில் பண்டங்களை வாங்கியது. அவற்றின் விலையை உடனே தராமல், இலண்டனில் இந்தியாவின் பெயரில் வரவு வைத்தது. அவ்வரவை ஈடாகக் கொண்டு இங்கே ரூபாய்த் தாள்கள் அச்சிடப்பட்டன. பண்டங்கள் குறைந்தன, பணம் பெருகியது. கோவை, புதுக்கோட்டை என்ற வேறுபாடின்றி எங்கும் விலைவாசி ஏறியது. ஏழைகள் அரைவயிற்றுக் கஞ்சியோடு சேர்த்துக் கொடுத்த செல்வம் 100 கோடிப் பவுனுக்கும் மேலாக அயல்நாட்டில் முடங்கிக் கிடந்தது.

1944ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸில் நடைபெற்ற மாநாட்டில் சண்முகனாரும் பிற இந்தியப் பேராளரும் இக்கடனைப் பற்றி முறையிட்டனர். புதிதாக அமையும் பன்னாட்டு நிதியத்தில் அதனைச் சேர்க்க மாநாடு இசையவில்லை. கடன்பட்டவரும் கொடுத்தவருமே பேசித் தீர்க்க வேண்டியதாயிற்று. பிரிட்டனிலோ, கடனில் ஒரு பகுதியைத் தள்ளிவிட வேண்டும் என்று சிலர் வாதிட்டனர்.

1947ஆம் ஆண்டு ஆகஸ்டில் இதற்கு ஒரு வழி பிறந்தது. இலண்டனில் இந்தியாவின் பணம் இரு கணக்குகளாகப் பிரிக்கப்பட்டது. அன்றாட வாணிகத்திற்கு உரியது முதற் கணக்கு; முடங்கிய பழைய கடனுக்கு உரியது இரண்டாம் கணக்கு. மளிகைக் கடைக்காரர் ஒருவர் நமக்குப் பழைய பாக்கி தரவேண்டும் எனக் கொள்வோம். அதற்காக இன்றைய அரிசியை வாங்காதிருத்தல் இயலுமா? அன்றி, இன்று அரிசி தருகிறார் என்பதற்காகப் பழைய பாக்கியை விட்டுக்கொடுத்தல் தகுமா? இரண்டையும் தனித்தனியே எழுதுவதே நேர்மையான கணக்கு. அதே ஆண்டில் சுங்கவரி பற்றிய பேச்சு ஜெனீவாவில் நடைபெற்றது. கடன் பற்றிய பேச்சு இலண்டனில் நடைபெற்றது. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் குறைக்க இடமின்றி இரண்டும் வேறு வேறாக நின்றன.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சராகச் சண்முகனார் பொறுப்பேற்றார். 1947 நவம்பர் 26 அன்று நாட்டின் முதல் வரவுசெலவுத் திட்டத்தை அளித்தார். அடுத்த ஆண்டு இலண்டன் சென்று, முடங்கிய தொகையில் ஒரு பகுதியை மூன்றாண்டுகளில் விடுவிக்கும் உடன்பாட்டினைச் செய்து முடித்தார். இங்கே பிரிட்டன் விட்டுச்சென்ற போர்த்தளவாடங்களின் விலையும், ஓய்வூதியங்களுக்கான தொகையும் கடனில் கழிக்கப்பட்டன. தொகை போதாது என்று குறை கூறியோரும் உண்டு. ஆயினும் கடன் கடனாகவே மதிக்கப்பட்டது. அப்பணம் பின்னாளில் உணவும் இயந்திரங்களும் வாங்க நாட்டிற்குக் கைகொடுத்தது.

1948ஆம் ஆண்டில் அவர் பதவியினின்றும் விலகினார். தமிழிசைக்கு ஆக்கம் தேடியவர். வணிகர் வாழ்ந்த பூம்புகாரின் சிறப்பைக் கூறும் சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்திற்கு உரை வரைந்தவர். 1953ஆம் ஆண்டில் இயற்கை எய்தினார். கொடுக்கல் வேறு, வாங்கல் வேறு எனத் தெளிந்து, இரண்டிலும் நாட்டின் உரிமையைக் காக்க முயன்ற அவர் உழைப்பு நினைவில் வைக்கத்தக்கது.